பல்பொடி நோட்டீசில் ஒரு பெயர்

ஐயா, கொஞ்சம் எழுந்திருக்கிறீர்களா? கோபமெல்லாம் இல்லை. நீங்கள் என் முகத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அந்த நோட்டீசைத்தான் சொல்கிறேன். திண்டிவனம் பஸ் நிலையத்தில் ஒரு கிழவன் உங்கள் கையில் திணித்தானே, அது நான்தான். சீட் மழையில் நனைந்திருக்கிறது, விரித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். தப்பில்லை. ஐம்பது வருஷமாக நோட்டீஸ் கொடுக்கிறேன். அதில் கடலை மடிப்பார்கள், குழந்தைக்கு மூக்குத் துடைப்பார்கள், ஒருவர் என் கண்ணெதிரிலேயே சுருட்டிக் காது குடைந்தார். ஆனால் முகத்தோடு அச்சடித்தது இதுதான் முதல் தடவை. அதனால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

நன்றி. மூக்கு மட்டும்தான் கரைந்திருக்கிறது. நிஜத்திலும் அது போலீஸ் கோணலாக்கிய மூக்குதான்.

எடுத்ததுதான் எடுத்தீர்கள், படித்துவிடுங்கள். "இருளர் குல எழுஞாயிறு, ஏழுமுறை சிறை கண்ட ஏந்தல், தோழர் வெ. கன்னியப்பன் அவர்களின் பொதுவாழ்வுப் பொன்விழா." வாசகம் யாருடையது என்று பார்க்கிறீர்களா? என்னுடையது. விழாக் குழுத் தலைவர் யார் என்று மட்டும் கேட்காதீர்கள். அதுவும் நான்தான். வேறு யாரும் முன்வரவில்லை. மூன்று சங்கங்களிலிருந்து என்னை நீக்கினார்கள். நான்காவதை நானே தொடங்கினேன், அதிலிருந்து இன்னும் நீக்கப்படவில்லை.

நான் பேசுவது அச்சடித்த மாதிரி இருக்கிறது என்று சிரிக்கிறீர்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நான் படித்தது ஐந்தாவது வரைக்கும். மிச்சமெல்லாம் நோட்டீசில் படித்தது. ஆகவே பசிக்கிறது என்று சொல்வதானாலும் எனக்கு "பசிப்பிணி" என்றுதான் வாயில் வரும். என் மனைவி உயிரோடு இருந்தவரைக்கும் "சோறு போடு என்று சொல்லத் தெரியாத மனுஷன்" என்று திட்டுவாள்.

நான்காவது வரியைப் பாருங்கள். "பதின்மூன்றாம் அகவையிலேயே மிராசின் மடிச் சோதனையை முறியடித்த வெள்ளேரி வெற்றி நாயகன்." நாளை மாலை வெள்ளேரிக் கூட்ரோட்டில் மேடை போட்டு அந்தக் கதையைத்தான் நான் சொல்ல வேண்டும். ஐம்பது வருஷமாகச் சொன்ன மாதிரியே சொல்லிவிட்டு வரலாம். இல்லையென்றால் நடந்ததைச் சொல்லலாம். எது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன். நீங்கள் மரக்காணத்தில் இறங்கிப் போய்விடுவீர்கள். நாளைக்கு எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வரமாட்டீர்கள்.

என் அப்பாவும் அம்மாவும் ஆரணிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் கடனுக்குக் கொத்தடிமைகளாக அடைபட்டுக் கிடந்தார்கள். வெளியே விடமாட்டார்கள். நான் கைக்குழந்தையாக இருந்ததால் தாத்தாவும் ஆயாவும் தூக்கிக்கொண்டு வந்து வளர்த்தார்கள். வெள்ளேரி ஏரிக்கரையில் ஒன்பது குடிசை. எல்லாம் இருளர் குடிசை. தாத்தா பெயர் தொப்ளான். ஆயா பெயர் பச்சையம்மா. தாத்தாவுக்கு ஒரு பல்கூடக் கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தாத்தாவுக்குக் காகிதப் பித்து. தேர்தல் கார் வந்தால் பின்னாலேயே ஓடுவார். சினிமா வண்டி, சர்க்கஸ் வண்டி, எது வந்தாலும் ஓடுவார். கிடைத்த நோட்டீசையெல்லாம் கூரை ஓலைக்குள் செருகிவிடுவார். காற்று வராது, வெளிச்சம் கசியாது என்று ஒரு காரணம் சொல்வார். ஆனால் ஒவ்வொன்றையும் செருகுவதற்கு முன்னால் தடவித் தடவிப் பார்ப்பார். எழுத்துத் தெரியாது. நான் படிக்கக் கற்றுக்கொண்டபோது மல்லாந்து படுத்தால் தலைக்குமேல் புரட்சி, பேதி மாத்திரை, மகளிர் கபடி, மீண்டும் புரட்சி. அதுதான் என் பல்கலைக்கழகம்.

எங்கள் வேலையைச் சொல்ல வேண்டும். நெல் கதிர் முற்றும் மார்கழியில் வயலில் எலி வளை போடும். கதிரைக் கடித்துக் கடித்து உள்ளே இழுத்துப்போய் அடுக்கி வைக்கும். அந்த வளையை வெட்டி எலி பிடிப்பது நாங்கள். முதலில் பக்கத்து வாய்களையெல்லாம் சேற்றால் அடைத்துவிட வேண்டும். பெரிய வாயில் அடியில் ஓட்டை போட்ட ஒரு சட்டியைக் கவிழ்த்து, உள்ளே வைக்கோல் திணித்து, நெருப்பு வைத்து, ஓட்டையில் வாயை வைத்து ஊத வேண்டும். புகை உள்ளே போகும், எலி மயங்கும். ஊதுவது ஆயாவின் வேலை. உதடு எப்போதும் வெந்தே இருக்கும். தாத்தா மண்ணில் காதை வைத்துக் கேட்டு, "இங்க" என்று விரலால் ஒரு கோடு போடுவார். அங்கே கடப்பாரையைப் போட்டால் எலி இருக்கும். ஒரு தடவைகூடத் தவறி நான் பார்த்ததில்லை. எனக்கு அது வரவில்லை. நான் காதை வைத்தால் என் நெஞ்சு அடிப்பதுதான் கேட்கும்.

எலி எங்களுக்கு. வளைக்குள் கிடைக்கும் கதிரில் பாதி எங்களுக்கு, பாதி மிராசுக்கு. இது தாத்தாவின் தாத்தா காலத்து ஏற்பாடு. வேலை முடிந்து வரப்பேறும்போது மிராசின் மேஸ்திரி, சம்பந்தம் என்பவன், நின்றுகொண்டிருப்பான். கதிரை ஒளித்து எடுத்துப் போகிறோமா என்று பார்ப்பதற்கு.

"மடிய ஒதறு, பச்ச."

ஆயா புடவை மடியை அவிழ்த்து உதறுவாள். வெறும் மண் கொட்டும்.

"நல்லாப் பாத்துக்க மேஸ்திரி. ஒருநா இல்லாட்டி ஒருநா உள்ள நாகம் இருக்கும். அன்னிக்கும் இதே மாதிரி குனிஞ்சி பாக்கணும், ஆமாம்."

"இருந்தா உன் புருசன்தான் புடிச்சிக்குவானே."

"அவரு பாம்பத்தான் புடிப்பாரு. உன்னப் புடிக்கணும்னா ஆள் வேற பாக்கணும்."

மேஸ்திரி சிரிப்பான், ஆயா சிரிப்பாள், தாத்தா பொக்கை வாயைக் காட்டுவார். தினமும் இதே பேச்சு. எனக்கு மட்டும் உடம்பு எரியும். கூரையில் என் தலைக்கு நேராக ஒரு நூல் ஆலைத் தொழிலாளர் நோட்டீஸ் செருகியிருந்தது. "வாசலில் நிறுத்திச் சோதனை போடும் வழக்கத்தை ஒழிக்கும்வரை வேலை நிறுத்தம்" என்று கொட்டை எழுத்தில். எனக்காகவே யாரோ அச்சடித்து என் கூரையில் வைத்த மாதிரி இருந்தது. பதின்மூன்று வயதில் அப்படித்தான் தோன்றும். எனக்கு அறுபத்து மூன்றிலும் தோன்றுகிறது.

ஒருநாள் மதியம் ஒன்பது குடிசைக்காரர்களையும் புளியமரத்தடியில் உட்காரவைத்து அந்த நோட்டீசைப் படித்தேன். ஆலை என்று வந்த இடத்தில் எல்லாம் வயல் என்று படித்தேன். முதலாளி என்று வந்த இடத்தில் மிராசு. கைதட்டல் வரும் என்று ஓர் இடத்தில் நிறுத்தினேன். யாரும் தட்டவில்லை. ஒரு நாய் மட்டும் எழுந்து போயிற்று.

ஆயாதான் முதலில் பேசினாள். "மடியில ஒண்ணும் இல்ல. ஒதறிக் காட்டினா எனுக்கு என்னாடா கொறஞ்சி பூடும்?"

"மானம்" என்றேன்.

"அது மடியிலயா இருக்குது?"

எல்லோரும் சிரித்தார்கள். போராட்டம் அங்கேயே முடிந்திருக்க வேண்டியது. அப்போது தாத்தா கேட்டார்.

"ராசா, அந்தக் காயிதத்துல நம்ம பேரு இருக்குதா?"

ஐயா, இந்த இடத்தை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை. எங்கள் ஆட்களின் பெயர் எந்தக் காகிதத்திலும் இருந்ததில்லை. ரேஷன் கார்டில் இல்லை, வாக்காளர் பட்டியலில் இல்லை, பட்டாவில் இல்லை. அதனால் அச்சில் வந்த பெயர் என்றால் அவர்களுக்கு அது வேறு மாதிரி. ஊரில் யாருக்காவது பெயர் அச்சில் வந்துவிட்டால் அவரை அதிகாரி தொட முடியாது, போலீஸ் அடிக்க முடியாது என்று நினைத்தார்கள். நானும் நினைத்தேன். பிறகு என் பெயர் அச்சில் வந்தபோதுதான் போலீஸ் அதிகம் அடித்தது, அது வேறு கதை.

"இருக்குது தாத்தா" என்றேன்.

"யாரு பேரு?"

"உன் பேருதான். தொப்ளான், வெள்ளேரின்னு போட்டிருக்குது."

தாத்தா எழுந்து நின்றார். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். "அப்ப நாளைக்கி யாரும் வயலுக்குப் போவ வாணாம்" என்றார். ஒன்பது குடிசையும் சரி என்றது. எழுஞாயிற்றின் முதல் போராட்டம் அப்படித் தொடங்கியது.

சாயங்காலம் தாத்தா அந்தக் காகிதத்தைக் கேட்டார். தன்னிடம் இருக்கட்டும் என்றார். எனக்குக் கொடுக்க மனம் வரவில்லை. போராட்ட நோட்டீஸ் கூரையில் அது ஒன்றுதான் இருந்தது. அடுத்த உரைக்கு வேண்டும். அதனால் பக்கத்தில் செருகியிருந்த ஒரு பல்பொடி நோட்டீசை உருவிக் கொடுத்தேன். அதிலும் எழுத்து பெரிது பெரிதாகத்தான் இருந்தது. "எங்க இருக்குது?" என்றார். விரலைப் பிடித்து ஓர் இடத்தில் வைத்தேன். "இங்க." வளைக்குள் எலி இருக்கும் இடத்தைத் தவறாமல் சொல்கிற விரல். அந்த விரலைப் பிடித்துத்தான் வைத்தேன். அவர் நாலாக மடித்துப் புகையிலைச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டார்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. ஏரியில் நண்டு, நத்தை, கரையில் கிழங்கு. இரண்டாம் வாரம் குழந்தைகள் அழ ஆரம்பித்தன. வயலில் எலிகள் எங்களைவிட நன்றாக இருந்தன. ஆயா சுடுகாட்டுப் பக்கம் யாருக்கும் சொந்தமில்லாத மேட்டில் வளை வெட்டி நான்கு எலி பிடித்துக்கொண்டு வந்தாள். கட்டுப்பாட்டை மீறியதாக ஆயாவின்மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுத்தேன். புளியமரத்தடியில் எல்லோர் முன்னாலும் கண்டனத் தீர்மானம் படித்தேன்.

"முடிஞ்சுதா?" என்றாள் ஆயா.

"முடிஞ்சுது."

"அப்ப வந்து துன்னு."

இரண்டு தின்றேன். அதைத் தீர்மானத்தில் சேர்க்கவில்லை.

பதினைந்தாம் நாள் கடைசிக் குடிசை எல்லப்பன் எழுந்தான். மூன்று பிள்ளைக்காரன். "நாளைக்கி நான் வயலுக்குப் போறேன். மடியத்தான ஒதறணும், தலைய வேணும்னாலும் ஒதறிக் காட்றேன்" என்றான். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். நான் நோட்டீசில் இதற்குப் பதில் தேடினேன். தாத்தாதான் சொன்னார். "ஒரு நாள் பொறுங்க. நான் போயி மிராசுகிட்ட இந்தக் காயிதத்தக் காட்டிட்டு வரேன்."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வயிற்று வலி என்று போய்ப் படுத்துக்கொண்டேன். பிற்காலத்திலும் பேச்சுவார்த்தை என்றால் எனக்கு வயிற்று வலி வந்துவிடும்.

தாத்தா காலையில் போனவர் வெயில் ஏறிய பிறகு வந்தார். எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். நான் ஓலைச் சந்து வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது என் பொய்யைச் சொல்லப் போகிறார், கிழவர் கையால் அடி விழும், என் வாழ்க்கை முடிந்தது என்று நினைத்தேன்.

"படிச்சாரு" என்றார் தாத்தா. "ரெண்டு தபா படிச்சாரு. படிச்சிட்டு அப்பிடியே ஒக்காந்துட்டாரு. இன்னும் பத்து நாளு. இறங்கி வந்துருவாரு."

எல்லப்பன் உட்கார்ந்துவிட்டான். போராட்டம் தொடர்ந்தது. நான் வெளியே வந்து முழக்கம் போட்டேன். மிராசுக்குப் படிக்கத் தெரியவில்லை, பெரிய மனிதன் என்பதால் அதைக் காட்டிக்கொள்ளவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு அழகாக முடிந்துவிட்டது பாருங்கள். அன்று மிராசின் அறியாமையைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன். தாத்தா முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார்.

பத்து நாள் ஆகவில்லை, எட்டே நாள். காலையில் ஏரிக்கரையில் ஒரு பருந்து விழுந்து கிடந்தது. அப்புறம் இரண்டு காக்கை. வரப்பு நெடுகிலும் வளைவாயில் எலிகள் செத்துக் கிடந்தன. நூறு இருக்கும். குழந்தைகள் ஓடினார்கள். ஆயா ஒரு எலியை வாலைப் பிடித்துத் தூக்கி முகர்ந்தாள்.

"பூண்டு வாசன வருது. யாரும் தொடாதீங்க. புள்ளைங்களப் புடிங்க."

விவசாய ஆபீசிலிருந்து கருப்பாக ஒரு தூள் வாங்கி, பொரியில் எண்ணெய் விட்டுப் பிசைந்து, வளைக்கு வளை வைத்திருக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் எல்லப்பனின் நாயும் போய்விட்டது. மேஸ்திரி கரைமேல் நின்று கூப்பிட்டான். கீழே இறங்கவில்லை.

"தொப்ளா, மிராசு சொல்லியனுப்பினாரு. இனிமே உங்க மடிய யாரும் சோதிக்க மாட்டாங்க. யாரும் வயலுக்கு வரவும் தேவையில்ல."

ஐயா, நான் முதல் பாதியைத்தான் கேட்டேன். சத்தியமாக. மடிச் சோதனை ஒழிந்தது என்று கத்தினேன். வெற்றி ஊர்வலம் என்று அறிவித்தேன். ஒன்பது குடிசையும் பசியோடு என் பின்னால் ஏரிக்கரையில் நடந்தது. ஏன் வந்தார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. தாத்தா முதலில் நடந்தார். கையில் கொடி மாதிரி புகைச்சட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். அந்தச் சட்டி அதற்கப்புறம் ஒரு நாளும் நெருப்பைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் எல்லப்பன் குடும்பம் செங்கல் சூளைக்குப் போயிற்று. பத்து நாளில் எட்டுக் குடிசை காலி. ஒன்பதாவது எங்களுடையது. நாங்களும் போனோம். கூரையிலிருந்த நோட்டீசையெல்லாம் நான் மூட்டை கட்டினேன். ஆயா சாமான் மூட்டை கட்டினாள். அவளுடையது சிறியது.

சூளையில் மூன்று வருஷம். பிறகு நான் ஓடிப்போய்ச் சங்கத்தில் சேர்ந்தேன், வெள்ளேரி வெற்றியைச் சொல்லித்தான் சேர்ந்தேன். முதல் சிறைவாசம் முடிந்து சூளைக்குப் போனபோது தாத்தா உயிரோடு இல்லை. ஆயா கல்லடுக்கின் நிழலில் உட்கார்ந்திருந்தாள். சிறையில் பட்ட அடியைப் பற்றி விவரமாகச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சுருக்குப் பையை எடுத்து என் மடியில் போட்டாள். உள்ளே பல்பொடி நோட்டீஸ்.

"மிராசு வீட்ல என்னா நடந்துச்சின்னு உனுக்குத் தெரியுமா?" என்றாள்.

தெரியாது என்றேன்.

"கூடத்துல எல்லாரும் இருந்தாங்களாம். மிராசு சத்தமாப் படிச்சாராம். ஈறு வீக்கம், பல் கூச்சம், வாய் நாத்தம், எல்லாத்துக்கும் ஒரே பொடின்னு. படிச்சிட்டு, 'வாயத் தொறடா தொப்ளா'ன்னாராம். உங்க தாத்தா தொறந்தாரு. அந்த வாயப் பாத்துட்டு வூடே சிரிச்சிச்சாம்."

நான் அந்த நோட்டீசை விரித்து, மறுபடி நாலாக மடித்தேன்.

"அப்புறம் ஏன் வந்து அப்படிச் சொன்னாரு?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'பையன் மொதமொதல்ல எழுந்து நின்னு பேசியிருக்கான் புள்ள. ஒக்கார வெச்சிட்டா அப்புறம் எழுந்திருக்க மாட்டான்'னாரு. எட்டு நாளு பட்டினி அதுக்குத்தான்." பிறகு சொன்னாள். "நீ எழுந்து நின்னதுலருந்து ஒக்காரவே இல்ல. எங்கள வந்து பாக்கறதுக்குக் கூட."

இவ்வளவுதான். இதைத்தான் வெற்றி என்று ஐம்பது வருஷமாக விற்றுக்கொண்டிருக்கிறேன். மிராசு செத்து, வயல் பிளாட்டாகி, எலியும் போய்விட்டது. என்னை மறுத்துச் சொல்ல ஆளில்லை. நாளை மேடையில் தாத்தாவைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று நேற்றுவரைக்கும் நினைத்திருந்தேன். அதற்குத்தான் விழாவே என்றுகூடச் சொல்லிக்கொண்டேன்.

என்ன தேடுகிறீர்கள்? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலும் கீழும் பார்க்கிறீர்களே. அவர் பெயரா? அந்த வரியில் இல்லை. பின்பக்கமும் இல்லை, பின்பக்கம் அச்சகத்தின் பெயர்தான்.

எழுதினேன். "தொப்ளான் பேரன்" என்று எழுதித்தான் கொடுத்தேன். இடம் போதவில்லை, ஏதாவது ஒன்றை எடுக்க வேண்டும் என்றார் அச்சகத்துக்காரர். எழுஞாயிற்றை எடுக்கட்டுமா என்றார், ஏந்தலை எடுக்கட்டுமா என்றார். யோசித்து நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்தேன். மறுநாள் போய்த் தொப்ளானை எடுக்கச் சொன்னேன்.

அப்படிப் பார்க்காதீர்கள். அந்த நோட்டீசைக் கீழே வையுங்கள், சட்டைப் பையில் பேனா வைத்திருக்கிறீர்கள் அல்லவா? நீலமா? நீலமே இருக்கட்டும். இந்தப் பையில் முந்நூறு நோட்டீஸ் இருக்கிறது, இந்தக் கட்டை நீங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கட்டு எனக்கு. எழுஞாயிறு என்ற இடத்தில் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு மேலே எழுதுங்கள். தொப்ளான். கையெழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை, பஸ் ஆடுகிறது. வெள்ளேரிக்கு இன்னும் பதினோரு நிறுத்தம் இருக்கிறது. கண்டக்டர் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறார், அவரையும் கூப்பிடுங்கள்.